கேட்க வேண்டாத குடம்



இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நினைவுகூரும் இந்த மேடையில், வறட்சிக் காலத்தில் வீட்டுத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது சில தோழர்கள் சங்கடப்பட்டார்கள். "சிக்கனத்தை நம்மிடமா பேசுவது? குழாயைத் திறந்துவிட்டுப் பல் விளக்குகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள்" என்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒரு கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. கிராமத்து மனிதருக்கு, 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி, 55 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 55 லிட்டர் வீதம் 275 லிட்டர், அதாவது 18 குடம் தினமும் வந்தாக வேண்டும். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய் வருகிறது, வீட்டுக்கு 12 குடம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180 லிட்டரை மூன்று நாளுக்கும் ஐந்து பேருக்கும் பிரித்தால் தலைக்கு 12 லிட்டர். உயிர் வாழ்வதற்கும் கை கால் கழுவுவதற்கும் குறைந்தது 20 லிட்டராவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நகரத்துப் பழைய கழிவறைத் தொட்டியை ஒருமுறை அழுத்தினால் 10 லிட்டர் போய்விடும். அங்கே ஒரு தடவை அழுத்துவதும் இங்கே ஒரு மனிதரின் ஒரு நாளும் ஏறக்குறைய சமம்.

ஆகவே 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று எல்லோருக்கும் ஒரே சுவரொட்டி ஒட்டுவதில் ஒரு பொய் இருக்கிறது. 135 லிட்டர்காரருக்கும் 12 லிட்டர்காரருக்கும் சிக்கனம் ஒன்றல்ல. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குப் போனால் அண்டாவில் இருப்பது அதே தண்ணீர்தான். அதை வைத்து மூன்று நாள் ஓட்ட வேண்டியவள் நம் அம்மா. அவளுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? அவளிடமிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

வரலாற்றை ஒருமுறை தொட்டுக்கொள்வோம். 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், மகாடில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் அள்ளிக் குடித்தார்கள். குளத்தைத் திறந்துவிட நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் இறங்குவதற்குத்தான் அந்த ஊர்வலம் தேவைப்பட்டது. அதன்பின் சாதி இந்துக்கள் குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'. வழக்கு நடந்து, 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டு.

சுதந்திர இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே உரிமை தந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் நீர்நிலையைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் குடிநீரைக் கெடுப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றம் சாட்டியது. அங்குள்ள மக்களும் பல இயக்கங்களும் கட்சிகளும் அதை ஏற்கவில்லை. சட்டம் வந்துவிட்டது, இன்னும் தண்ணீரைச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துக் குடிக்கிறோம்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் எங்கள் காலனியில் அடிபம்பு காற்றைத்தான் துப்பியது. குழாய் எப்போதாவது வந்தது. அரைமைல் தள்ளி ஒரு தோட்டத்தில் பம்புசெட்டு ஓடியது. அங்கேதான் போனோம்.

தோட்டக்காரர் தண்ணீருக்குக் காசு கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் யாரும் எழுதி வைக்காத நிபந்தனைகள் இருந்தன. அவர்கள் வீட்டார் தொட்டியில் நிற்கும்போது நாங்கள் வரப்பில் நிற்க வேண்டும். குடம் தொட்டியில் படக்கூடாது. வெளியே விழும் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். களைக்குக் கூப்பிட்டால் என்ன கூலி என்று கேட்காமல் போக வேண்டும். எங்கள் பையன் ஒருவன் அம்பேத்கர் படம் போட்ட பனியனோடு குடம் தூக்க வந்தான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாங்கள் போகும் நேரத்தில் மோட்டார் ஓடவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. மோட்டார் ஓடவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பையனின் பாட்டி தனியாகப் போய் நின்றாள். என்ன பேசினாள் என்று எங்களிடம் சொல்லவில்லை. மோட்டார் ஓடியது.

2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்ட மாவட்டம் இது. எரிந்த வீட்டுக்கும் மறுநாள் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பகைவரானால் எந்தத் தோட்டத்துக்குப் போவது? தண்ணீருக்காக ஒருவர் வாசலில் நிற்கிறவரை அவர் எதிரில் நம் குரல் தணிந்தே இருக்கும். இதை அந்தக் கோடையில் நாங்கள் உடம்பால் அறிந்தோம்.

அந்தப் பாட்டி போய் வந்த அன்று இரவு, காலனிப் பெண்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரு வீட்டுக்குத் தினம் ஆறு குடம் தோட்டத்திலிருந்து வருகிறது, அதை எத்தனையாகக் குறைக்கலாம் என்பதுதான் பேச்சு. அரசாங்கத்துக்காகவோ பூமித்தாய்க்காகவோ அவர்கள் பேசவில்லை. தோட்டத்துக்குப் போகும் நடையைக் குறைக்கப் பேசினார்கள். வீட்டில் மிச்சப்படும் ஒரு குடம், அடுத்தவர் வாசலில் போய்க் கேட்க வேண்டாத ஒரு குடம். சிக்கனத்துக்கு நாங்கள் கேட்ட விளக்கங்களில் இதைவிட நல்லது இல்லை.

அவர்கள் செய்ததைச் சொல்கிறோம். எல்லாமே உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் அவை நம் எழுத்தில் வருவதில்லை.

முதலாவது, குடிக்கிற தண்ணீரையும் புழங்குகிற தண்ணீரையும் பாத்திரத்திலேயே பிரித்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் தனிக் குடம், மூடி போட்டு, உயரத்தில். அதில் யாரும் கை விடக்கூடாது, நீண்ட காம்புள்ள கரண்டியால்தான் எடுக்க வேண்டும். ஒரு கை பட்டு ஒரு குடம் கெட்டால் அதைக் கொட்ட வேண்டிவரும். குடிதண்ணீர் கெடாமல் காப்பதே முதல் சிக்கனம்.

இரண்டாவது, ஒரே தண்ணீரை இரண்டு மூன்று வேலைக்கு வரிசையாக அனுப்பினார்கள். அரிசி களைந்த தண்ணீர் கன்றுக்கு அல்லது பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு. பாத்திரத்தைக் குழாயடியில் வைக்காமல் இரண்டு குண்டானில் கழுவினார்கள். முதல் குண்டானில் எச்சில் போகும், இரண்டாவதில் அலசல். மறுவேளைக்கு இரண்டாவது முதலாவதாகும். துணி அலசிய கடைசித் தண்ணீர் கழிவறைக்கு. நம் தொகுப்பு வீடுகளில் போட்டிருக்கும் சரிவான கிராமத்துப் பீங்கானுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். அந்த இரண்டு லிட்டர் இல்லாததால்தான் கட்டிய கழிவறையில் விறகு அடுக்குகிறோம், பெண்கள் இருட்டில் வெளியே போகிறார்கள். ஆகவே அலசல் தண்ணீரைக் கொட்டாமல் வைப்பது பெண்களின் பாதுகாப்புக்கும் உதவியது.

மூன்றாவது, ஒழுகல். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் ஒரு குடத்துக்குக் குறையாமல் தின்றுவிடும். தெருக் குழாயின் திருகு போய் மாதக்கணக்கில் துணி சுற்றிக் கிடந்தது. அந்தத் திருகை வாங்க மூன்று வீடு காசு போட்டது.

நான்காவது, மழை. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. கோடை மழையும் அதில் சேர்த்தி. 200 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 180 லிட்டருக்கு மேல் விழும். சிதறியது, ஆவியானது போக 150 லிட்டர் பிடிக்கலாம். பத்து குடம். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆறு நாளுக்கு வரும். வீடுகளில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே கட்டாயமாக்கியது. காலனி வீட்டுக்கு அதற்கான குழாயும் தொட்டியும் யார் வைத்துத் தந்தார்கள்? நாங்கள் தளத்தின் நீர்த்தாரையில் ஒரு டிரம்மை வைத்தோம். முதல் மழையில் தளத்தின் தூசியெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையை வெள்ளை வேட்டியில் நான்காக மடித்து வடிகட்டினோம். கல்நார் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்கவில்லை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டினோம். புழங்கும் தண்ணீர்ப் பாத்திரங்களை வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவினோம்.

மழைத் தண்ணீருக்கு நம் மாவட்டத்தில் இன்னொரு பெருமை உண்டு. அதில் ஃபுளோரைடு இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

பிரேம்சந்த் 1932இல் 'டாக்கூரின் கிணறு' என்று ஒரு கதை எழுதினார். நோயாளிக் கணவனுக்கு நாற்றமடிக்கும் தண்ணீரைக் கொடுக்க மனம் வராமல், கங்கி என்ற பெண் இரவில் டாக்கூரின் கிணற்றுக்குப் போகிறாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டு ஓடி வருகிறாள். வீட்டில் கணவன் அந்த நாற்றத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான். தண்ணீரைக் காய்ச்சினால் கெடுதல் போகும் என்பது அவளுக்குத் தெரியாது என்று ஓரிடத்தில் பிரேம்சந்த் போகிற போக்கில் சொல்கிறார். தர்மபுரிக்காரர் அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நம் தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். கிருமிக்குக் காய்ச்சல் மருந்து. ஃபுளோரைடுக்கு அல்ல. அந்தத் தண்ணீர் நாறாது, கலங்காது, பளிங்குபோல இருக்கும்.

நம் பாறைகளில் அது இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி, முதுகும் முட்டியும் வளையாமல் போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது பெரும் உதவி. ஆனால் காவிரித் தண்ணீர் போதாத நாளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் கலந்து விடுகிறார்கள் என்பது நம் மாவட்டத்தில் பலமுறை எழுந்த புகார். கலந்தால் பழைய விஷம் பாதியளவு திரும்ப வரும். வறட்சியில் போர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிற நாம், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பஞ்சாயத்துகளுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டி தந்து, கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, ஐந்து பேரில் காலனிப் பெண் எத்தனை பேர் என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆகவே சிக்கனத்தில் ஒரு வரிசை வேண்டும். ஒகேனக்கல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் குடிக்க, சமைக்க. களிக்கும் சோற்றுக்கும் ஊற்றும் தண்ணீர் முழுவதும் வயிற்றுக்குள்தான் போகிறது, அதையும் மறக்கக்கூடாது. போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. ஃபுளோரைடு தோல் வழியாகப் பெரிதாக ஏறாது. ஆர்.ஓ. எந்திரம் வைத்திருக்கும் இடத்தில் கழிவாக வரும் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். அதில் ஃபுளோரைடு செறிந்திருக்கும், மாட்டுக்கு வைக்கக்கூடாது. கேழ்வரகு, கீரை, பால், நெல்லிக்காய் இவை பிள்ளைகளின் எலும்புக்குத் துணை. கடுந்தேநீரைச் சிறு பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம், தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

எதில் சிக்கனம் கூடாது என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். தண்ணீர் குறையும்போது வீட்டில் முதலில் குறைத்துக் குடிப்பவள் பெண். கழிவறையில் தண்ணீர் இல்லை, இருட்டும்வரை அடக்க வேண்டும், அதனால் பகலெல்லாம் குடிக்காமலே இருக்கிறாள். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் இதிலிருந்து வருகின்றன. மாதவிலக்கு நாளில் அவளுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும், அந்த நாளிலும் அவள் கணக்குப் பார்க்கிறாள். இதைச் சிக்கனம் என்று நாம் புகழ்ந்தால் அது அநியாயம். குடிக்கும் தண்ணீர், மாதவிலக்கு நாள், பிள்ளைகளின் கை கழுவல், நோயாளி, பிள்ளைபெற்றவள் இவற்றில் ஒரு சொம்புகூடக் குறைக்கக் கூடாது.

நம் ஆண்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கோடையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் பெண்கள் மட்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருந்தவர்கள் போக, மிச்சம் இருந்த ஆண்கள் எங்கே இருந்தோம்? சனிக்கிழமை பைக் கழுவ இரண்டு குடம் எடுத்தவர்கள் நாம்தான். தோட்டத்தில் நம்மை வரப்பில் நிறுத்தியதற்குக் கோபப்பட்ட நாம், வீட்டில் தண்ணீர் தூக்குவது அவள் வேலை என்று விட்டுவிட்டோம். 15 லிட்டர் குடம் 15 கிலோ. அரைமைல் தூரம், ஆறு நடை. பள்ளிக்கு நேரமாகிறது என்று அழுத பெண்பிள்ளையின் இடுப்பில் அதைத்தான் வைத்தோம். ஈரத் துணியால் துடைத்தாலும் வண்டி ஓடும். குடத்தை ஆணும் தூக்கலாம்.

இவ்வளவு செய்து என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். தினம் ஆறு குடம் மூன்றானது. தோட்டத்துக்குப் போவது நிற்கவில்லை, பாதியானது. மிச்சத்தை எந்தச் சிக்கனத்தாலும் குறைக்க முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த மூன்று குடம் குழாயில் வந்திருக்க வேண்டிய குடம்.

அது ஏன் வரவில்லை? தண்ணீர் தொட்டியிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வழியில் உள்ளவர்கள் முதலில் பிடிப்பார்கள். சில வீடுகளில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். கடைக்கோடிக்கு வரும்போது தொட்டி காலி. காலனி எப்போதும் கடைக்கோடியில் இருக்கிறது, அது தற்செயலா? காலனிக் கிளைக்குத் தனி வால்வு வைத்து, அதை முதலில் திறந்தால் இது தீரும். பெரிய பொறியியல் ஒன்றும் தேவையில்லை. கேட்டால், "தண்ணீர் விடுகிறோமே, யார் சொன்னது வரவில்லையென்று?" என்பார்கள்.

அதற்குத்தான் நோட்டு. பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணிடம் நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தோம். தேதி, குழாய் வந்த நேரம், நின்ற நேரம், கடைசி வீட்டுக்குக் கிடைத்த குடம், நான்கு பத்திகள். 60 நாள் எழுதினாள். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போனோம். வாயால் சொன்னபோது எங்கள் பேச்சு 'புலம்பல்'. நோட்டை விரித்தபோது அது மினிட் புத்தகத்தில் ஏறியது. வால்வு வர இன்னும் ஏழு மாதம் ஆனது. வந்தது. இப்போதும் சில நாள் அதைத் திறக்க மறந்துவிடுகிறார்கள். நோட்டு இன்னும் மூடப்படவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் அம்மா ஒரு குடத்தை எத்தனை வேலைக்கு அனுப்புகிறாள் என்று உட்கார்ந்து எழுதுங்கள். நம் இலக்கியம் அவள் கண்ணீரை எழுதியிருக்கிறது. அவள் கணக்கையும் எழுத வேண்டும். பிறகு உங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். மார்ச் 22, உலக தண்ணீர் தினம், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள். அந்த நோட்டோடு போங்கள்.

1924இல் சட்டசபையில் கேட்ட குரல் பொதுக் கிணறு நமக்கும் உரியது என்றது. நூறாண்டு கடந்துவிட்டது. வீட்டில் மிச்சம் பிடிக்கிற குடத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம். குழாயில் வர வேண்டிய குடத்தை யாரும் நம்மிடம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.